வக்கீல் ஃபீஸுக்கு ரசீது உண்டா?

வக்காலத்து என்பது ஒரே ஒரு தாள். மேலே நீதிமன்றத்தின் பெயர், அதன் கீழ் வழக்கு எண்ணுக்கு விட்ட வெற்றிடம், வாதி பிரதிவாதி பெயர்கள். நடுவில் 'எனக்காக ஆஜராகவும், வாதாடவும், சமரசம் பேசவும், பணம் பெற்றுக்கொள்ளவும்' என்று மூச்சுவிடாமல் நீளும் ஒரே வாக்கியம். அடியில் கட்சிக்காரர் கையெழுத்து, வக்கீலின் கையெழுத்தும் பதிவு எண்ணும், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, வக்கீல் சேமநல நிதி ஸ்டாம்பு. வீட்டையோ நிலத்தையோ பற்றிய வழக்கை முழுக்க இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் பத்திரம் இது. ஃபீஸ் எவ்வளவு என்று எழுத இதில் ஓர் இடம் இல்லை.

ஃபீஸ் வாய்ப்பேச்சோடு சரி. "மொத்தம் நாற்பதாயிரம் ஆகும் சார். இப்போ பதினஞ்சு குடுத்துட்டுப் போங்க, மீதியைப் பார்த்துக்கலாம். செலவு தனி." எந்த ஊர் கோர்ட்டு வாசலிலும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான் கேட்கும். பின்னால் வெடிக்கும் சண்டைகளுக்கெல்லாம் விதை அந்த 'செலவு தனி'யில் இருக்கிறது.

செலவு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பண வசூல் வழக்கென்றால் முதலில் கோர்ட் ஃபீ. தமிழ்நாட்டில் 2017-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது தாவா மதிப்பில் 3 விழுக்காடு. பத்து லட்ச ரூபாய் வழக்குக்கு 30,000 ரூபாய். அதற்கு முன் 7.5 விழுக்காடாக இருந்ததால் இதே வழக்குக்கு 75,000 கட்ட வேண்டியிருந்தது. அடுத்து, எதிராளிக்குச் சம்மன் அனுப்பப் பேட்டா, சான்றிட்ட நகல் வாங்க நகல் மனு, இடத்தைப் பார்வையிட வக்கீல் கமிஷனர் போட்டால் அவருக்கு நீதிமன்றமே நிர்ணயிக்கும் ஃபீஸ். இவற்றுக்கெல்லாம் நீதிமன்றத்தின் வழக்குக் கட்டில் ஆதாரம் இருக்கும். ஸ்டாம்பு ஒட்டியிருக்கும், உத்தரவில் தொகை இருக்கும். தட்டச்சு, ஜெராக்ஸ், போக்குவரத்து, குமாஸ்தாவுக்கு, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று போகிற மற்ற சில்லறைக்கு ஆதாரம் கிடையாது. ஐந்து வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஃபீஸைவிடச் சில்லறை பெரிதாக நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்சிக்காரர் மனத்தில் 'நாற்பதாயிரம்' என்பது பிரச்சினை தீரும்வரைக்குமான விலை. வக்கீல் மனத்தில் அது முதல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வரும்வரைக்குமான விலை. இடையில் தடை உத்தரவு கேட்டு ஓர் இடைக்கால மனு, அதன் மேல் ஒரு மேல்முறையீடு, எதிராளி இறந்தால் வாரிசுகளைச் சேர்க்கும் மனு, தீர்ப்பு வந்த பின் நிறைவேற்று மனு. ஒவ்வொன்றும் வக்கீலுக்குப் புதுவேலை. கட்சிக்காரருக்குப் பழைய வழக்கு. மூன்று வருடத்தில் முடியும் என்று நினைத்துச் சொன்ன தொகையில் ஒன்பதாவது வருடமும் வாய்தாவுக்குப் போய் நிற்கும் வக்கீலுக்கும் மனத்தாங்கல் இருக்கும். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. எழுத்துதான் இல்லை.

வரித்துறை பக்கத்திலிருந்தும் இதற்கு நெருக்கடி வருவதில்லை. தொழில் நடத்தாத தனிநபருக்கு ஒரு வக்கீல் செய்யும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. நிறுவனங்கள் வக்கீலுக்குக் கொடுக்கும் தொகைக்கு பில் கேட்டு வாங்கிவிடும். நிலத் தகராறுக்கு வரும் விவசாயி கேட்பதில்லை. கேட்டால் வக்கீலை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம் அவருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1926-ல் வந்த வக்கீல்கள் கட்டணச் சட்டம் ஃபீஸை இரு தரப்பும் தனி ஒப்பந்தமாகப் பேசி முடித்துக்கொள்ள விட்டது. ஒப்பந்தம் இல்லையென்றால், தோற்றவர் ஜெயித்தவருக்குத் தர வேண்டிய செலவுத்தொகையைக் கணக்கிட நீதிமன்றம் வைத்திருக்கும் விதிகளின்படி ஃபீஸ். தமிழ்நாட்டில் அதற்கென 1973-ஆம் ஆண்டின் வக்கீல் கட்டண விதிகள் இருக்கின்றன. இந்த விதிகளை உச்சவரம்பு என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். வக்கீல் உங்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதை இவை கட்டுப்படுத்துவதில்லை. உங்கள் எதிராளியிடமிருந்து எவ்வளவு வசூலாகும் என்பதை மட்டும் சொல்கின்றன.

வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் இன்னும் கூர்மையான ஏற்பாடுகள் உண்டு. கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும். வந்த தொகை ஃபீஸா செலவுக்கா என்று பிரித்து எழுத வேண்டும். கட்சிக்காரர் கேட்டு, நகல் எடுக்கும் செலவைத் தந்தால் அந்தக் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். இது 30-ஆவது விதி. பாதியில் வழக்கை விட்டு விலகினால் உழைக்காத பகுதிக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். இது 12-ஆவது விதி. அச்சில் இவ்வளவும் இருக்கிறது. 30-ஆவது விதியின்படி யாராவது கணக்குக் கேட்டிருக்கிறார்களா என்று ஒரு பார் அசோசியேஷன் அறையில் உட்கார்ந்து விசாரித்தால் சிரிப்புதான் பதிலாக வரும். கேட்டால்தான் தர வேண்டும் என்று விதி வைத்தால், கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது பயன்படும்.

ஃபீஸ் தராததால் வழக்கு ஆவணங்கள் அடங்கிய கட்டைத் திருப்பித் தர மறுப்பதும் பழைய வழக்கம். இதை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தெளிவாகத் தடுத்துவிட்டது. ஒரு வங்கியின் வக்கீல், தனக்கு 97,100 ரூபாய் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்திருந்தார். கட்டு வக்கீலின் அடமானப் பொருள் அன்று, கட்சிக்காரர் கேட்டவுடன் தர வேண்டும், ஃபீஸ் பாக்கிக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். மருத்துவமனை பில் கட்டாத நோயாளியின் ஸ்கேன் படங்களைப் பிடித்து வைப்பது போன்ற காரியம் இது. கட்டு இல்லாமல் அடுத்த வக்கீல் ஒரு வாய்தாவைக்கூட நகர்த்த முடியாது.

வழக்குச் செலவில் சீர்திருத்தம் கேட்பவர்கள் வக்கீல் ஃபீஸை மட்டும் பார்ப்பது அரைப் பார்வை. மறுபாதி தீர்ப்பாணையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு பத்திகளில் ஒரு பட்டியல்: வாதியின் செலவு, பிரதிவாதியின் செலவு. பிராதின் (வழக்கு மனுவின்) மேல் ஒட்டிய ஸ்டாம்பு, வக்காலத்து ஸ்டாம்பு, பேட்டா, வக்கீல் ஃபீஸ், இதர செலவு, கூட்டுத்தொகை. 'செலவுத்தொகையுடன்' தீர்ப்பானால் அந்தக் கூட்டுத்தொகையைத் தோற்றவர் தர வேண்டும். கோர்ட் ஃபீ வரி உண்மைச் செலவைக் காட்டும். வக்கீல் ஃபீஸ் வரி 1973 விதிப்படி வந்த எண்ணைக் காட்டும். கட்சிக்காரர் உண்மையில் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பல தீர்ப்புகளில் அதுவும் இல்லை: 'வழக்கின் சூழ்நிலையைக் கருதி அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்.' சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆவது பிரிவின்படி ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை மறுத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். 'சூழ்நிலையைக் கருதி' என்ற இரண்டு சொற்களே காரணமாகக் கடந்துபோகிறது.

பொய் வழக்கு போட்டவருக்கு? அதே சட்டத்தில் 35ஏ பிரிவு இருக்கிறது. அதன்படி விதிக்கும் செலவுத்தொகையின் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-ல் வைத்தது, சாதாரண சிவில் வழக்குகளுக்கு இன்னும் அதுதான். இதன் விளைவை ஒரு பெரிய வழக்கில் பார்க்கலாம். டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில், எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு உண்மையில் கொடுத்ததைக் கணக்கிட்டு, 45 லட்சத்துக்கும் மேல் செலவுத்தொகை விதித்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உண்மைச் செலவைத் தர வேண்டும் என்ற எண்ணம் சரிதான், ஆனால் இப்போதைய சட்டமும் விதியும் அதற்கு இடம் தரவில்லை என்பது காரணம். சட்டத்தைத் திருத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் யோசனையும் சொன்னது. அடுத்த ஆண்டே சட்ட ஆணையம் சிவில் வழக்குச் செலவுத்தொகை பற்றி 240-ஆவது அறிக்கையைத் தந்தது. இதற்கு முன்பே, 2005-ல், சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் செலவுத்தொகை என்பது நியாயமான உண்மைச் செலவாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

நடந்த ஒரே பெரிய மாற்றம் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம். வணிக வழக்குகளுக்கு மட்டும் 35-ஆவது பிரிவை மாற்றி எழுதினார்கள். தோற்றவர் தர வேண்டும் என்பது பொது விதி, வக்கீல் ஃபீஸும் சாட்சிச் செலவும் சேரும், வழக்கை இழுத்தடித்த நடத்தையும் கணக்கில் வரும், 3,000 ரூபாய் வரம்பு கிடையாது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் செலவை வசூலிக்க வழி செய்த சட்டம், அண்ணன் ஏமாற்றிய பங்குக்காக வழக்காடும் தங்கைக்கு 3,000 ரூபாயை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் இழுத்தடிப்பவருக்கு இழுத்தடிப்பதுதான் லாபம். வீட்டில் குடியிருப்பது அவர். வாடகையும் கிடையாது, தோற்றால் செலவுத்தொகையும் பெரிதாகக் கிடையாது.

'ஜெயிச்சா குடுங்க' என்ற ஏற்பாட்டுக்கு வருவோம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சிலின் 20-ஆவது விதி தடை செய்கிறது. 1954-லேயே, வசூலாகும் தொகையில் பாதி என்று ஒப்பந்தம் போட்ட வக்கீலை உச்ச நீதிமன்றம் தண்டித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்குக்குப் பணம் போட்டுப் பங்கு கேட்பது இந்தியாவில் பொதுவாகக் குற்றம் இல்லை. வக்கீல் செய்தால் மட்டுமே தவறு. 2018-இலும் உச்ச நீதிமன்றம் இதையே திருப்பிச் சொன்னது. ஆக, வட்டிக்கடைக்காரர் ஒருவர் உங்கள் வழக்குக்கு முதல் போட்டு நாற்பது சதவீதம் கேட்கலாம், வக்கீல் பத்து சதவீதம்கூடக் கேட்கக் கூடாது.

தடை இருக்கிறது என்பதால் நடக்காமல் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டில் சதவீதக் கணக்கு ஊரறிந்த ரகசியம். கணவனை இழந்த ஒரு பெண்ணிடமிருந்து, இழப்பீட்டில் சதவீதம் என்ற பெயரில், லட்சங்களை வாங்கிய பிறகும் 3 லட்சத்துக்கு ஒரு காசோலையை வக்கீல் எழுதி வாங்கி, அது திரும்பியதும் அவர் மேலேயே காசோலை வழக்கு போட்டார். தெலங்கானாவிலிருந்து வந்த இந்த வழக்கில், 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காசோலை வழக்கை ரத்து செய்தது. சதவீத ஃபீஸ் பொதுநலக் கொள்கைக்கு விரோதம், சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனே அன்று என்றது. ஃபீஸை ஒழுங்குபடுத்த அரசு ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் எழுதியது. இன்றுவரை அந்த ஏற்பாடு வரவில்லை.

இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. கையில் காசில்லாத விபத்துக் குடும்பத்துக்குச் சதவீத ஏற்பாடு இல்லாமல் வக்கீல் கிடைப்பது கடினம். தடையால் அது ஒழியவில்லை, இருட்டுக்குப் போனது. எழுத முடியாததால் பத்து இருபதாகிறது, இருபது முப்பதாகிறது. கேட்டால் 'அப்படி எதுவும் பேசவே இல்லை' என்று இருவரும் சொல்ல வேண்டிய நிலை. இங்கிலாந்து 2013-ல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது: காய இழப்பீட்டு வழக்குகளில் 25 விழுக்காடு, வேலை தொடர்பான வழக்குகளில் 35, மற்ற சிவில் வழக்குகளில் 50 என்று உச்சவரம்பு வைத்து, எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்றது. உச்சவரம்பு பொதுவாக நான் நம்பாத மருந்து. மொத்த ஃபீஸுக்கு வரம்பு வைத்தால் மிச்சம் 'செலவு' கணக்கில் போய்விடும். கைக்கு வரும் தொகையில் விழுக்காட்டுக்கு வரம்பு வைத்தால் கிடைத்த தொகை, ஃபீஸ் என்ற இரண்டு எண்களும் தாளில் இருக்கும், சரிபார்க்கலாம்.

சரி, வக்கீல் ஏமாற்றிவிட்டார். எங்கே போவது? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. வக்கீல் சேவை கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் நடக்கும் தனிநபர் சேவை, அதனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்பது அதன் வாதம். சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு போடலாம், அதற்கு இன்னொரு வக்கீல் வேண்டும். மிஞ்சுவது மாநில பார் கவுன்சில்.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி எழுத்தில் புகார் தர வேண்டும். முகாந்திரம் இருப்பதாக கவுன்சில் நம்பினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூவர்: கவுன்சில் உறுப்பினர் இருவர், வெளியிலிருந்து சேர்க்கப்படும் அனுபவ வக்கீல் ஒருவர். மூவரும் வக்கீல்கள். அதிலும் கவுன்சில் உறுப்பினர்கள் வக்கீல்களின் ஓட்டில் ஜெயித்து வந்தவர்கள். பத்தாயிரத்துக்கு மேல் வாக்காளர்கள் உள்ள மாநிலத்தில் 25 பேர். அடுத்த தேர்தலில் யாரிடம் ஓட்டுக் கேட்கப் போகிறோமோ அவர்கள் மேல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒருவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, இந்த அமைப்பே கையைக் கட்டும்.

புகாரை ஓராண்டில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் அது தானாக இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது 36பி பிரிவு. தாமதத்தைத் தடுக்க வைத்த ஏற்பாடு தாமதத்துக்கு வழியாயிற்று: மாநிலத்தில் கிடத்திவிட்டால் டெல்லிக்குப் போய்விடும். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, மாநில கவுன்சில்கள் ஓராண்டில் முடிக்க வேண்டும், மாறிப்போனவற்றை இந்திய கவுன்சிலும் ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சேலத்துக்காரர் தன் 20,000 ரூபாய்க்காக டெல்லியில் விசாரணைக்கு நிற்பாரா?

நின்று ஜெயித்தாலும் குழு தரக்கூடியது மூன்றுதான்: கண்டிப்பு, சில காலம் தொழில் தடை, பெயர் நீக்கம். வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட 35-ஆவது பிரிவில் இடமே இல்லை. புகார் செய்பவருக்கு வேண்டியது பணமும் கட்டும். குழுவின் கையில் இருப்பது தண்டனை. தண்டனை என்பதால் குற்ற வழக்குப் போலக் கடுமையான நிரூபணம் கேட்கப்படுகிறது. ரசீது இல்லாதவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

கவுன்சிலிடம் காசு இல்லை என்பதும் உண்மை. புது வக்கீல்களின் பதிவுக் கட்டணம் சட்டத்தில் 1993-ல் வைத்தபடி மாநிலத்துக்கு 600, இந்திய கவுன்சிலுக்கு 150, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100-உம் 25-உம். இதை வைத்து நடத்த முடியாது என்று ஒவ்வொரு மாநிலமும் வேறுவேறு பெயரில் கட்டணம் சேர்த்துக்கொண்டே போனது. ஒடிசாவில் 42,100 ரூபாய்வரை. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் சட்ட விரோதம் என்றது. ஏழை மாணவருக்கு நியாயமான தீர்ப்பு. பல லட்ச ரூபாய் சம்பாதிக்கும் மூத்தவரிடம் ஆண்டுதோறும் ஒரு தொகை வாங்கி அதில் புகார் பிரிவை நடத்தும் யோசனையை யாரும் எடுக்கவில்லை என்பதுதான் குறை.

இங்கிலாந்து இதே முடிச்சை அவிழ்த்த விதம் பார்க்கத் தக்கது. 2004-இல் ஒரு விசாரணை அறிக்கை, வக்கீல்களின் சங்கமே வக்கீல்களைக் கண்காணிப்பது சரிவராது என்றது. 2007-ல் சட்டம் வந்தது. சங்கம் சங்கமாகவே இருக்க, ஒழுங்குமுறை வேலை தனி அமைப்புகளுக்குப் போனது. மேலே வக்கீல் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு வாரியம். 2010 அக்டோபரில் தனியாக ஒரு குறைதீர்ப்பாளர் வந்தார். வக்கீல் ஒழுக்கம் தவறினாரா என்ற கேள்விக்குள் அவர் போவதில்லை, சேவை சரியில்லை என்றால் ஃபீஸைக் குறைக்கவோ திருப்பவோ உத்தரவிடுவார். இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்ததுதான் அந்தச் சீர்திருத்தத்தின் உயிர். அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை; புகார்கள் தேங்கின, செலவும் இன்னும் கூடுதல்தான்.

இந்தியாவில் 2017-ல் சட்ட ஆணையம் தன் 266-ஆவது அறிக்கையில் பார் கவுன்சில்களுக்குள் மற்றத் துறையினரும் வர வேண்டும் என்று சொன்னது. வக்கீல்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த மசோதா வரைவு பத்தே நாளில் திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பில் பாதி நியாயமானது. கட்சிக்காரருக்கு இடம் தருவதற்குப் பதில், இந்திய பார் கவுன்சிலில் மூன்று உறுப்பினர்வரை அரசே நியமிக்கலாம் என்று வரைவு எழுதியிருந்தது. அரசுக்கு எதிராக நிற்க வேண்டிய தொழிலின் காவலில் அரசின் ஆட்கள் எதற்கு? நீதிமன்றப் புறக்கணிப்புக்குத் தடையும் அதில் இருந்ததால் பேச்சு முழுக்க அங்கேயே போய்விட்டது. ஃபீஸும் ரசீதும் யார் வாயிலும் வரவில்லை.

சட்டம் மாறும்வரை கட்சிக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு. ஃபீஸ் பேசிய அன்றே எந்தக் கட்டம்வரை என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளலாம். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பும்போது குறிப்பில் ஃபீஸா கோர்ட் ஃபீயா என்று எழுதலாம். கோர்ட் ஃபீ கட்டிய தாளின் நகலைக் கேட்கலாம். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி உடையவர்கள், எண் 15100. வழக்கு சமரசத்தில் முடிந்தால் தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீயைத் திருப்பிப் பெறலாம், நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் பெறலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்து லட்ச ரூபாய் வழக்கில் அது 30,000 ரூபாய். அந்தத் தொகையும் தீர்ப்பில் கிடைக்கும் தொகையும் யார் கைக்கு வரும் என்பதை வக்காலத்தில் உள்ள 'பணம் பெற்றுக்கொள்ளவும்' என்ற சொற்கள் முடிவு செய்யும். அந்த இரண்டு சொற்களை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துவிட்டு, மீதிக்குக் கையெழுத்துப் போடலாம்.